கீறல் விழாத மூடி

சக்கர மூடியைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் ஆகாது. நிறையப் பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். விளிம்பில் நுனியைச் செருகி நெம்பினால் மூடி வந்துவிடும். கூடவே வெள்ளிப் பூச்சில் ஒரு தடமும் விழுந்துவிடும். அப்புறம் எந்தப் பாலிஷ் போட்டாலும் அது போகாது. காரோடு சீமையிலிருந்து வந்த ரிப்பேர் ஆயுதப் பையில் அதற்கென்றே ஓர் இரும்பு இருக்கிறது. நுனி நாக்கு மாதிரி வளைந்து தட்டையாக இருக்கும். அதை வைத்து நெம்பக் கூடாது, லேசாகத் திருப்ப வேண்டும். அடியில் தோல்துணியைக் கொடுத்து, எதிர்ப் பக்கத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டால், தொட்டிலிலிருந்து தூங்குகிற பிள்ளையை எடுக்கிற மாதிரி மூடி கையோடு வந்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கார்க் கொட்டகையில் இடது பக்க முன்சக்கரத்தின் முன்னால் முழங்காலிட்டிருந்தேன். பங்களாவின் குளியலறையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்பதற்குள் வேலை முடிய வேண்டும். பெரிய துரை குளிக்கும்போது விசில் அடிப்பார். விசில் இருக்கும் வரை எனக்குப் பயமில்லை. மூடியைப் புல்லில் வைக்காமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நட்டுகளுக்கான ஸ்பேனரைப் பையிலிருந்து உருவினேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்களுக்கும் அது தெரிந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் காருக்கு இடது பக்கச் சக்கரங்களில் எல்லாம் எதிர்த் திருகு. மற்ற வண்டிகளில் இறுக்குகிற பக்கம் திருகினால் இதில் கழன்றுவிடும். துரைக்கே அது சரியாக வராது. ஒருமுறை பொகவந்தலாவை ரோட்டில் டயர் பஞ்சராகி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தார். நட்டு இன்னும் இறுகியதுதான் மிச்சம். நான் போய் ஒற்றைக் கையால் மறுபக்கம் திருப்பினேன். துரை தொப்பியை எடுத்துவிட்டுச் சிரித்தார். கோபப்படுகிற ஆளில்லை. அதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன்.

கடைசி நட்டில் இருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது. பங்களாவில் சமையல் பார்க்கும் ஆண்டியப்பன். அப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கையில் எனக்கென்று ஒரு கோப்பைத் தேநீர்.

"ஞாயித்துக்கெழமையும் விடமாட்டீங்களாண்ணே இத? பேசாம ஒரு மஞ்சக் கயித்தக் கட்டிருங்க. ஊருக்குத் தெரிஞ்ச கதையாப் போயிரும்."

"வீட்டுல காளியாயி சம்மதிக்கணும்ல," என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே கோப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போனான். அவன் கண்ணுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் இல்லை. ஞாயிறு தோறும் நான் மூடிகளைக் கழற்றி, உள்பக்கம் ஒட்டிய சேற்றைத் துடைத்து, மெழுகு போட்டு மாட்டுவது வழக்கம். பதினோரு வருட வழக்கம். ஒரு மனிதனை மறைத்துவைக்க அவனுடைய வழக்கத்தை விட நல்ல இடம் கிடையாது.

விசில் நின்றது. நான் மூடியை அதன் இடத்தில் பொருத்தி உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன். சுத்தியலால் தட்டக் கூடாது. பிறகு ஒவ்வொரு ஆயுதத்தையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, அதனதன் பைக்குள் செருகி, சுருட்டி, நாடாவைக் கட்டினேன். சக்கரம் முன்னை விடப் பளபளப்பாக இருந்தது. மூடிக்குள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது.

இனி ஏன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போனதாகப் பேப்பரில் போட்டு எட்டொன்பது வருடம் ஆகிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. துரை துரையாகத்தான் இருந்தார், நாங்கள் கூலிக்காரர் லயத்தில்தான் இருந்தோம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. என் தகப்பன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. நான் ஸ்டியரிங் பிடித்தேன். காக்கிச் சட்டை, தொப்பி, கால்சட்டை. பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது நான் போய் நிற்க வேண்டியதில்லை. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாகூட என்னை "பழனியாண்டி" என்று முழுப்பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அதெல்லாம் அந்தக் கார் கொடுத்தது. முப்பத்தெட்டாம் வருடத்து வண்டி. முந்திய துரை ஊருக்குப் போகும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனார். ஆயுதப் பையில் ஒரு சாமான் குறையவில்லை. துரை முதல் நாளே அதை விரித்துக் காட்டிச் சொன்னார்: இந்தக் காருக்கு இந்த ஆயுதம்தான், வேறு எதுவும் தொடக் கூடாது. நானும் தொட்டதில்லை. கிளப்பில் மற்றத் துரைமாரிடம், பழனி கை பட்டால் கீறல் விழாது என்று சொல்வாராம். அங்கே பரிமாறுகிற பையன் வந்து என்னிடம் சொல்லுவான். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. வயிறு அப்படி நிறைந்திருக்கும்.

எனக்கு ஒரே மகள். பூரணி. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஐப்பசி மாதம், விடாத மழை. அந்த வாரம்தான் துரை காருக்குச் சீட்டெல்லாம் புதிதாகப் போட்டிருந்தார். கண்டியில் கொடுத்துத் தைத்தது. வெண்ணெய் நிறத்தில் தோல். நான்தான் போய் ஓட்டிக்கொண்டு வந்தேன். கொட்டகையில் நிறுத்தியதும் துரை கதவைத் திறந்து, சீட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அவருடைய தமிழில் சொன்னார்:

"பழனி, நல்லாப் பாத்துக்கோ. அழுக்கு வேணாம்."

இந்த வார்த்தைகளை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கார் வந்த இரண்டாம் நாள் மத்தியானம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில், பூரணிக்கு நோவு கண்டது. மருத்துவிச்சி வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறிவிட்டது. தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது என் கையில் இல்லை, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், இப்போதே கொண்டு போங்கள் என்றார். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு ரயில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. விரித்த சாக்குப் படங்கு நனைந்துவிட்டது. கிழிசல் சேலைகள் நனைந்துவிட்டன. இரத்தம் நிற்கவில்லை.

காளியாயி என் கையைப் பிடித்தாள். "தொரைகிட்டப் போங்க. காரக் கேளுங்க. பதினோரு வருசம் அவருக்கு ஒழச்சிருக்கீங்க. ஒரு தடவ கேளுங்க."

மழையில் பங்களாவுக்கு ஏறினேன். அந்தப் படிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். அன்றைக்கு இரண்டு இடத்தில் வழுக்கியது. மேலே போன நான் திரும்பி இறங்கியபோது லயத்து ஆட்கள் முழுக்க வாசலில் நின்றார்கள். எல்லோரும் என் பின்னால் கார் வருகிறதா என்று பார்த்தார்கள்.

"தொரை குடுக்கமாட்டாருடி," என்றேன். "சீட்டெல்லாம் புதுசு."

காளியாயி உள்ளே போய்க் கம்பளியை எடுத்து வந்தாள். மூங்கில் கழியில் கட்டி, பூரணியை அதில் கிடத்தி, நாலு பேர் தூக்கினோம். முன்கழி என் தோளில். தொழிற்சாலைக்குக் கீழே மதகு இருக்கிறது அல்லவா, அதுவரைக்கும் அவள் முனகுவது எனக்குக் கேட்டது. மதகைத் தாண்டியதும் கேட்கவில்லை. பின்னால் வந்த காளியாயி நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினோம். பிள்ளையும் உள்ளேயே போய்விட்டது.

அந்த லயத்தில் அதற்குப் பிறகு துரைக்கு யாரும் மனதார சலாம் போடவில்லை. கை ஏறும், முகம் திரும்பிவிடும். தேயிலை நிரையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் கார் போகும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் காறித் துப்புவார்கள். துரை அதைப் பார்த்துக் குழம்பிப் போனார். இந்த ஆட்களுக்கு என்ன வந்தது என்று கண்டாக்கிடம் கேட்டாராம். எனக்கு அது பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். ஒரு மனிதன் செய்ததற்கு ஊரே சாட்சியாக நிற்கும்போது மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும்.

காளியாயி மட்டும் அதோடு நிற்கவில்லை. நான் கார் துடைத்துவிட்டு வரும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து குரல் வரும். கத்தமாட்டாள். மெதுவாகத்தான் கேட்பாள்.

"மினுக்கியாச்சா? அந்த மூடியில மூஞ்சி பாக்கலாமாமே. பாத்தீங்களா, என்ன தெரியுதுன்னு?"

இன்னொரு நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "அந்தக் கைய நல்லாக் கழுவிட்டு உக்காருங்க," என்றாள். நான் கழுவித்தான் இருந்தேன்.

அப்போதும் எனக்குக் கொலை செய்கிற எண்ணம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன். நான் அப்படிப்பட்டவன் இல்லை. சீட்டு புதியது, துரைக்குச் சீட்டு பெரியது, ஏழை வீட்டுப் பிள்ளை சின்னது, உலகம் அப்படி என்று நினைத்துக்கொண்டு நான் சீட்டைத் துடைத்தேன். ஒரு பொட்டு விழாமல் வைத்திருந்தேன். என் மகளை விட விலை கூடிய சீட்டல்லவா. அப்படித்தான் இருக்க வேண்டும் அது.

மாசி மாதத்தில் ஒரு காலை துரை மலை வேலை பார்க்க நடந்து போனார். கூடவே அவருடைய நாய், ரெக்ஸ். பதினாலாம் நம்பர் மலையில் காட்டுப்பன்றி ஒன்று பாய்ந்து அதன் வயிற்றைக் கிழித்துவிட்டது. துரை அதைத் தன் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சட்டையெல்லாம் இரத்தம். நான் கொட்டகையில் இருந்தேன். கதவைத் திற என்றார். சாக்கு எடுத்து விரிக்கிறேன் துரை, ஒரு நிமிடம் என்றேன். கேட்கவில்லை. அப்படியே அந்த வெண்ணெய் நிறச் சீட்டில் நாயைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நுவரெலியா வரைக்கும் ஓட்டினேன். மிருக வைத்தியர் தைத்துக் கட்டினார். நாய் பிழைத்துக்கொண்டது. இப்போதும் பங்களாவில் இருக்கிறது, சாப்பாடு கொடுத்தால் சாப்பிடும்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தினேன். சீட்டின் மடிப்புகளில் இரத்தம் இறங்கிக் காய்ந்துவிட்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். துரை என் தோளில் கை போட்டார். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"சீட்தானே, பழனி. கழுவலாம்."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் கழுவினேன். தேசிக்காய் போட்டு, சோப்பு போட்டுக் கழுவினேன். போகவில்லை. அந்த வார்த்தைக்கு அப்புறம் அவர் உயிரோடு இருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு என்ன செய்திருந்தாலும் பொறுத்திருப்பேன். அவர் அந்த நாயை வெளியே போட்டிருந்தால் பொறுத்திருப்பேன். சாக்கு விரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் சீட்டைப் பற்றிக் கவலையே படவில்லை, ஐயா. அதை எப்படிப் பொறுப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் துரை கிளப்புக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவார். எனக்கு லீவு. அதற்கு முந்திய சனிக்கிழமை அட்டனில் மத்தியாஸ் கராஜில் பின்சக்கரத்துக்கு டயர் மாற்றினோம். இடது பக்கப் பின்சக்கரம். மத்தியாஸ் நல்ல வேலைக்காரன், பொறுமை மட்டும் கிடையாது. ஸ்குரூ டிரைவரால்தான் மூடியை எடுப்பான். நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "மூடிக்கு நோகாதுண்ணே, உங்களுக்குத்தான் நோகுது," என்று கண்ணடிப்பான். அன்றைக்கு அவன் நெம்புவதை நான் தடுக்கவில்லை. முதல் தடவையாகத் தடுக்கவில்லை. சனிக்கிழமை ஒருவன் சக்கரத்தைக் கழற்றி மாட்டி, ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் ஒரு சக்கரம் போனால், ஊர் யாரைப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும்.

துரை குளித்துவிட்டு வந்தார். வெள்ளைக் கால்சட்டை, டென்னிஸ் மட்டை. வானத்தைப் பார்த்தார்.

"பழனி, நீ லயத்துக்குப் போ. மழை வரும்."

"சரிங்க தொரை," என்றேன். கதவைத் திறந்துவிட்டு, அவர் ஏறியதும் மூடினேன். சலாம் போட்டேன். அன்றைக்குப் போட்டது நல்ல சலாம். கார் பங்களா வளைவில் இறங்கி, ஆலமரத்தைச் சுற்றி, கீழ் ரோட்டுக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முடக்கிலும் மூடி ஒரு தடவை மின்னியது. அப்புறம் பனி இறங்கிவிட்டது.

ஆண்டியப்பன் வைத்த தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி, குசினியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

தொழிற்சாலைக்குக் கீழே மதகுப் பக்கம் ஆட்கள் ஓடினார்கள். இடம் அதுவாக அமைந்தது என் செயல் இல்லை. சக்கரம் எங்கே கழலும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அதைக் கேட்டதும், கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு ரோட்டை விட்டு விழுந்து, ஓயா ஆற்றங்கரையில் பாறையில் சாய்ந்து கிடந்தது. நானும் இறங்கினேன். துரைக்கு உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. என்னைக் கண்டதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "பழனி," என்றார். தெரிந்த முகத்தைக் கண்ட ஆறுதல் அவர் கண்ணில் இருந்தது.

அன்றைக்கு லொறி தொழிற்சாலையிலேயே நின்றது. யாரோ ஒருவன் லொறியைக் கீழ்ப்பாதை வழியாக மதகடிக்குக் கொண்டு வரலாம், பலகையில் படுக்கவைத்து ஏற்றிவிடலாம் என்றான். நல்ல யோசனைதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வண்டி, பாதை என்றால் நான் சொல்வதுதான் அங்கே பேச்சு.

"அந்தப் பாதையில லொறி எறங்காது," என்றேன். "கம்பளி கொண்டு வாங்க."

லொறி இறங்கும். நானே இறக்கியிருக்கிறேன்.

கம்பளி வந்தது. கழியில் கட்டினோம். முன்கழி என் தோளில். மெதுவாக நடக்கச் சொன்னேன். அடிபட்டவரைக் குலுக்கக் கூடாது என்றேன். மேலே நிரையில் காளியாயி நின்றாள். நாங்கள் ஏறுவதைக் கடைசிவரை பார்த்தாள். ரோட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே சத்தம் அடங்கிவிட்டது. அன்றைக்கு இராத்திரி அவள் எனக்குச் சோறு போட்டாள். கையைக் கழுவச் சொல்லவில்லை.

மறுநாளே மத்தியாஸைப் பிடித்துவிட்டீர்கள். பின்சக்கரத்தை மட்டும்தான் தொட்டேன் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவன் மனைவி சுகிர்தம் அட்டனிலிருந்து பஸ் ஏறி எங்கள் லயத்துக்கு வந்தாள். வாசலில் நின்று பேசினாள், உள்ளே வரவில்லை.

"அண்ணே, அவரு முன் சக்கரத்துல கை வைக்கலன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்கதான பக்கத்துல நின்னீங்க."

நான் வெற்றிலை வாங்கப் போய்விட்டேன், பார்க்கவில்லை என்று சொன்னேன். காளியாயி அவளுக்குத் தேநீர் கொடுத்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் நினைவுபடுத்தி அனுப்பினேன். மத்தியாஸ் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. கவனக் குறைவுக்குத் தூக்கு கிடையாது என்று முன்பே ஒரு புரக்டர் வக்கீலின் கிளாக்கரிடம் பேச்சுவாக்கில் கேட்டு வைத்திருந்தேன். கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வருவான். இளவயது, பிழைத்துக்கொள்வான். என் பூரணிக்கும் இளவயதுதான்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். அந்த முன்சக்கர மூடி தேயிலைக்குள் உருண்டு போய், யாரோ ஒருத்தி எடுத்து அதில் மிளகாய் காயப் போட்டிருந்தாளாம். நீங்கள் அதைத் தேடி வாங்கி, பின்சக்கர மூடியையும் கொண்டு வந்து, இரண்டையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். ஒன்றில் மத்தியாஸின் தடம் பளிச்சென்று இருந்தது. மற்றதில் விளிம்பு முழுக்க ஒரு கீறல் இல்லை. மத்தியாஸ் தொட்டிருந்தால் கீறல் இருக்கும் என்றீர்கள். ஆயுதப் பையைத் திறந்து காட்டினீர்கள். ஒவ்வொன்றும் எண்ணெய் போட்டுத் துடைத்து அதனதன் இடத்தில் இருந்தது. இந்தத் தோட்டத்தில் இப்படி வைக்கிற கை எத்தனை என்று கேட்டீர்கள்.

ஒரு கைதான். ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒரு தடவை நெம்பியிருந்தால் நான் இப்போது வீட்டில் இருப்பேன். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. மூடி என்ன பாவம் செய்தது?

ஆக, நட்டுகளைத் தளர்த்தியது நான். லொறியை வேண்டாம் என்றது நான். மத்தியாஸ் ஒன்றும் அறியாதவன். இவ்வளவையும் நீங்கள் கேட்ட உடனே சொல்லிவிட்டேன். அடிக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அன்றைக்கு, பூரணி கிடந்த அந்த மத்தியானம், துரை உன்னிடம் என்ன சொன்னார், வார்த்தை வார்த்தையாகச் சொல் என்கிறீர்கள். ஆண்டியப்பன் உங்களிடம் வேறு என்னவோ சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. அன்றைக்கு மழையில் துரை மத்தியானம் முழுக்க விறாந்தையில்தான் உட்கார்ந்திருந்தார், கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது, படியேறி யாரும் வரவில்லை என்று. பூரணியின் எடுப்புக்கு மறுநாள் துரை அவனிடம் வந்து, பழனியின் மகளுக்கு இப்படி என்று எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டார் என்று. கண்டாக்கு ஐயாவின் சம்சாரத்துக்கு விஷக்கடி ஆனபோது துரை தானே காரை எடுத்துக்கொண்டு போனாரே என்றும் கேட்கிறீர்கள். கண்டாக்கு வேறு, ஐயா. லயம் வேறு.

சரி, சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

பங்களாவுக்கு ஏறினேன். பாட்டுச் சத்தம் கேட்டது. விறாந்தைக்குப் போகிற படிக்கு முன்னால் கொட்டகை. கதவைத் திறந்தேன். சாவி என் பையில்தான் இருந்தது. கார்க் கதவையும் திறந்தேன். புதுத் தோல் வாசனை அடித்தது. என் உடம்பெல்லாம் நனைந்திருந்தது, கையில் பூரணியின் இரத்தம் இருந்தது. சீட்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவின் கைப்பிடியில் என் விரல் பட்டு இரத்தம் ஒட்டியிருந்தது. அதைத் தோல்துணியால் துடைத்தேன். பிறகு மூடிவிட்டு இறங்கி வந்தேன்.

துரை ஒன்றும் சொல்லவில்லை. நான் விறாந்தைக்குப் போகவில்லை.

ஆனால் அவர் மறுத்தார் என்றே எழுதுங்கள், ஐயா. பதினோரு வருடம் அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டியவன் நான், எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தாலும் அவர் தந்திருக்கமாட்டார்.